சிம்மில் வைத்த ஒரு சொல்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் ‘சிம்மர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லையும் அதன் அக்கம்பக்கத்துச் சொற்களையும் பற்றியவை. சமையல் குறிப்பில் அதைப் பார்த்துக் குழம்பியவர்கள் சிலர், செய்தியில் பார்த்துக் குழம்பியவர்கள் சிலர். இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் ‘கொதிக்கவிட்டு, பிறகு 40 நிமிடம் சிம்மர் செய்யவும்’ என்று வருகிறது. நாம் ‘சிம்ல வை’ என்கிறோமே, அதுதானே இது? அப்படியே செய்தும் சூப் கலங்கிவிடுகிறது, கோழி நார் நாராகப் போகிறது. – வாசகி, திருச்சி

பதில்: சொல் அதுதான். ஆனால் நம் சமையலறைக்கு வந்தபோது அதன் பொருள் பாத்திரத்தை விட்டு இறங்கி அடுப்பின் திருகுக்குப் போய்விட்டது. நம் கேஸ் அடுப்புத் திருகில் ‘சிம்’ என்று அச்சிட்டிருப்பது தீயின் அளவு. திருகை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் முதலில் பெரிய தீ, கடைசிவரை கொண்டுபோனால் சிறு தீ. ஆங்கிலத்தில் ‘சிம்மர்’ என்றால் அது பாத்திரத்துக்குள் இருக்கும் நீரின் நிலை. கொதிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள், நீர் அடங்கி நிற்பதை அது சொல்கிறது.

உங்கள் சூப் கலங்குவது இந்த இடைவெளியில்தான். அரை லிட்டர் தண்ணீரை மெல்லிய பாத்திரத்தில் ஊற்றி மூடி போட்டுச் சிம்மில் வைத்தாலும் அது தளதளவென்று கொதிக்கும். பத்து லிட்டர் குண்டானைத் திறந்தபடி அதே சிம்மில் வைத்தால், மேலே ஆவியாகப் போகும் சூட்டுக்கு அந்தத் தீ ஈடுகொடுக்காது. நீர் சிம்மர் நிலைக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே திருகைப் பார்த்துச் சமைக்க முடியாது, நீரைத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் சூடாகும்போது முதலில் பாத்திரத்தின் அடியிலும் சுவரிலும் பொடிப்பொடியாக ஒட்டிக்கொள்ளும் குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று. அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 70 முதல் 80 டிகிரியில் நீரின் மேற்பரப்பு லேசாக நடுங்கும், குமிழி மேலே வராது. ஆங்கிலத்தில் ‘போச்’ என்பது இந்த நிலை. முட்டையை உடைத்து நேரே நீரில் விட்டு வேகவைப்பதும், மீனை உடையாமல் வேகவைப்பதும் இதில்தான். அதற்கு மேல் போகும்போது சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, பெரும்பாலும் பாத்திரத்தின் ஓரத்திலேயே, சத்தமில்லாமல் உடையும். மோர்க்குழம்புக்கு நாம் சொல்லும் ‘ஓரத்தில் முத்து முத்தாக வரும்போது’ என்ற பக்குவம் கிட்டத்தட்ட இதுவே. இதுதான் சிம்மர். நீர் முழுக்கப் புரண்டு, கரண்டியால் கிளறினாலும் குமிழி அடங்காமல் வந்தால் அது கொதி. கடல்மட்டத்தில் 100 டிகிரி.

இனி சூப். ஒரு கிலோ கோழி எலும்புக்கு இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம். குளிர்ந்த நீரில் தொடங்கினால் எலும்பிலிருந்து இறங்கும் புரதம் மெதுவாகத் திரண்டு, கட்டியான நுரையாக மேலே வரும், அள்ளி எடுத்துவிடலாம். சுடுநீரில் போட்டால் அதே புரதம் தூள்தூளாக உறைந்து நீர் முழுக்கப் பரவும், வடிகட்டியிலும் நிற்காது. மிதமான தீயில் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சூடேற்றுங்கள். நுரை வர ஆரம்பித்ததும் தீயைத் தணித்து, நுரை நிற்கும்வரை அள்ளுங்கள். அதன் பிறகுதான் வெங்காயம், மிளகு, பூண்டு. மூடியை முழுக்க மூடாமல் ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்து இடைவெளி விடுங்கள். முழுக்க மூடினால் ஆவி உள்ளேயே சுற்றிச் சூடு ஏறி, நீங்கள் தீயைத் தொடாமலே கொதித்துவிடும். பலருக்கும் தவறுவது இந்த இடம்தான். மூன்று மணி நேரம் இப்படி நின்றால் போதும். உப்பு கடைசியில் போடுங்கள், ஏனென்றால் நீர் வற்ற வற்றக் கரிப்பு ஏறும். கொதிக்கவிட்டால் மேலே மிதக்கும் கொழுப்பைக் கொதி அடித்து நுண்துளிகளாக்கி நீரோடு கலக்கிவிடும். திரண்ட நுரையும் உடைந்து உள்ளே போகும். கலங்கலும் வாயில் ஒட்டும் பிசுக்கும் அதனால் வருபவை.

கோழி நாராவது வேறு கதை. இறைச்சியை இணைக்கும் சவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரிக்கு மேல் மெல்ல இளகிக் கூழாகிறது, 80-க்கு மேல் வேகம் பிடிக்கிறது. ஆனால் சூடு ஏற ஏறத் தசைநார்கள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. சவ்வு அதிகமுள்ள தொடை, கால், ஆட்டு முன்னங்கால் ஆகியவற்றில் இளகிய கூழ் அந்த வறட்சியை மறைத்துவிடும். நெஞ்சுக்கறியில் சவ்வு மிகக் குறைவு, மறைக்க எதுவும் இல்லை. ஆகவே பிராய்லர் நெஞ்சுக்கறிக்கு நீங்கள் சொன்ன 40 நிமிடம் மிக அதிகம். எலும்பில்லாத துண்டுக்கு 15 நிமிடம் சிம்மரே போதும். தொடைக்கு 35 முதல் 40 நிமிடம், ஆட்டுக்கறிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். எல்லாத் துண்டையும் ஒரே நேரத்தில் போட்டு ஒரே நேரத்தில் எடுப்பதுதான் உங்கள் பிரச்சினை என்று தோன்றுகிறது. நெஞ்சுக்கறியைக் கடைசியில் சேருங்கள்.

குழம்பு கெட்டியாக இருந்தால் அடையாளம் மாறும். கெட்டியான திரவத்தில் மேலும் கீழும் ஓட்டம் குறைவு. அடியில் ஆவி தேங்கி, எப்போதாவது ஒரு பெரிய குமிழி ‘பொளக்’ என்று உடையும். மேலே அமைதியாகத் தெரியும்போதே அடியில் பிடித்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைச் சுரண்டிக் கிளற வேண்டும், அல்லது பாத்திரத்தின் அடியில் பழைய தோசைக்கல் ஒன்றை வைக்க வேண்டும். பிரியாணி தம்முக்கு வைப்பதும் இதற்காகத்தான்: சிறு தீ நடுவில் ஒரே வட்டத்தில் படுவதைக் கல் வாங்கிப் பரப்பிவிடும்.

இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். பல அடுப்புகள் குறைந்த அளவில் தொடர்ந்து சூடு தருவதில்லை. சில நொடி முழு வேகம், சில நொடி ஓய்வு என்று மாறி மாறி ஓடும், நீரும் கொதித்து அடங்கிக் கொதித்து அடங்கும். அடி கனமான பாத்திரம் வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் பெருமளவு மட்டுப்படும்.

சிம்மில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போகாதீர்கள். பொங்கி வழிந்தாலோ ஜன்னல் காற்று பட்டாலோ சிறு தீதான் முதலில் அணையும். அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: அடுப்பில் இருக்கும் ‘சிம்’மும் மொபைலில் போடும் ‘சிம்’மும் ஒரே சொல்லா? – பள்ளி மாணவர், தேனி

பதில்: இல்லை. அடுப்பில் இருப்பது ‘சிம்மர்’ என்பதன் சுருக்கம். மொபைலில் போடுவது ‘சப்ஸ்கிரைபர் ஐடென்டிடி மாட்யூல்’ என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள். எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல்.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ‘சிம்மரிங் டென்ஷன்ஸ்’, ‘சிம்மரிங் ஆங்கர்’ என்று ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. ‘கொதிநிலையில் இருக்கும் பதற்றம்’ என்று எழுதினால் ஏதோ இடிக்கிறது. சரியான தமிழ் எது? – மொழிபெயர்ப்பாளர், சென்னை

பதில்: இடிப்பது நியாயம்தான். ‘கொதிநிலை’ என்பது 100 டிகிரி. ‘சிம்மர்’ அதற்குக் கீழே நிற்பது. ‘கொதிநிலையில் இருக்கும் ஊர்’ என்று படிக்கும் வாசகர் கல்வீச்சும் தடியடியும் தொடங்கிவிட்டதாக நினைப்பார். ஆங்கிலச் செய்தியாளர் சொல்ல வந்தது நேர்மாறு: வெளியே இன்னும் எதுவும் வெடிக்கவில்லை, உள்ளே சூடு குறையவும் இல்லை. மொழிபெயர்ப்பில் நடக்கும் இந்தப் பத்து டிகிரிப் பிழை செய்தியையே மாற்றிவிடும். கலவரம் பற்றிய செய்தியில் அது சின்ன விஷயம் இல்லை.

அடுப்பங்கரைப் பொருளில் இருக்கும் மூன்று கூறுகள் உருவகத்திலும் அப்படியே வருகின்றன. ஒன்று, எல்லைக்குக் கீழே நிற்றல். இரண்டு, நீண்ட நேரம். ஐந்து நிமிடக் கோபத்தை ஆங்கிலத்தில் யாரும் ‘சிம்மர்’ என்று எழுதுவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், தலைமுறைகளாக என்றே இந்தச் சொல்லோடு காலம் சேர்ந்து வரும். மூன்று, யாரோ தீயை அணைக்காமல் வைத்திருப்பது. தீர்க்கப்படாத ஒரு காரணம் அடியில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த மூன்றையும் தாங்கும் தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள்.

‘நீறுபூத்த நெருப்பு’ பலருக்கும் முதலில் தோன்றும். அழகான வழக்கு, ஆனால் அதன் படம் வேறு. சாம்பல் மூடிய தணல் வெளியே துளியும் தெரியாது, தொட்டால்தான் சுடும். அதற்கு நேரான ஆங்கிலச் சொல் ‘ஸ்மோல்டர்’. சிம்மர் ஆகும் நீரில் சிறு குமிழி கண்ணுக்குத் தெரியும்: ஆங்காங்கே ஒரு சுவரொட்டி, ஒரு வாக்குவாதம், ஒரு புறக்கணிப்பு. அறிகுறிகள் வெளியே தெரியும் பதற்றமானால் ‘புகைந்துகொண்டிருக்கும் பகை’, ‘பல மாதங்களாகப் புகைச்சலில் இருக்கும் ஊர்’ என்பவை நெருங்கி வரும். அறிகுறியே இல்லாத அமைதியைச் சொல்ல வந்தால் மட்டும் ‘நீறுபூத்த நெருப்பு’ என்று எழுதுங்கள்.

தனிமனிதரின் கோபத்துக்குக் ‘குமுறு’ நல்ல சொல். ஒரு எச்சரிக்கை மட்டும். ‘அவர் குமுறினார்’ என்று நம் செய்தித்தாளில் வந்தால், வாய்திறந்து ஆதங்கத்தைக் கொட்டினார் என்றே பொருள்படும். அது சிம்மர் இல்லை, மூடி திறந்துவிட்டது. ‘உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்தார்’ என்று எழுதினால்தான் கணக்குச் சரியாகும். ‘உள்ளுக்குள்’ என்பதும் ‘கொண்டிருந்தார்’ என்பதும் இங்கே அலங்காரம் இல்லை. முதலாவது எல்லைக்குக் கீழே நிற்பதையும் இரண்டாவது கால நீட்சியையும் தருகின்றன. பழிவாங்கும் எண்ணமும் சேர்ந்திருந்தால் ‘கறுவிக்கொண்டிருந்தார்’ என்பது இன்னும் கூர்மை.

எல்லை தாண்டும் இடத்தில் ஆங்கிலம் ‘பாயில் ஓவர்’ என்று சொல்லும். அங்கே தயங்காமல் ‘கொதித்தெழுந்தனர்’, ‘பொங்கி எழுந்தனர்’ என்று எழுதலாம். ஒரே செய்தியில் முதல் பத்தியில் ‘சிம்மர்’, மூன்றாம் பத்தியில் ‘பாயில் ஓவர்’ என்று படிப்படியாக ஏற்றியிருப்பார்கள். முதல் பத்தியிலேயே கொதிக்கவைத்துவிட்டால் மூன்றாம் பத்திக்கு உங்களிடம் சொல் மிஞ்சாது.

கோபம் இல்லாத சிம்மரும் உண்டு. ஒரு யோசனை மனதில் ‘சிம்மர்’ ஆகட்டும் என்பார்கள். அவசரப்படாமல் பக்குவமாகட்டும் என்று பொருள். அதற்குப் ‘புகைச்சல்’ அறவே பொருந்தாது. தமிழில் ‘மனசுக்குள் ஊறட்டும்’ என்போம். அடுப்பு போய் ஊறல் பானை வருகிறது, பரவாயில்லை. காலம் எடுத்துச் சுவை ஏறுவது இரண்டிலும் உண்டு.

கேள்வி: ‘சீத்’ என்ற வினைச்சொல்லுக்கும் ‘சிம்மர்’ என்பதற்கும் என்ன வேறுபாடு? இரண்டுக்கும் அகராதியில் கோபம் என்றே போட்டிருக்கிறது. – போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை

பதில்: ‘சீத்’ ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ‘கொதிக்கவை, வேகவை’ என்பதற்கான அன்றாடச் சொல். பழைய பைபிள் மொழிபெயர்ப்புகளில் இறைச்சியை வேகவைப்பதற்கு இதுவே வரும். ‘பாயில்’ என்ற சொல் பிரெஞ்சு வழியாக வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டதும் ‘சீத்’ அடுப்படியை விட்டு வெளியேறி, கோபத்துக்கும் நுரைத்துப் புரளும் கடலுக்கும் கூட்டத்துக்கும் மட்டும் என்றாகிவிட்டது. அதன் பழைய இறந்தகால எச்ச வடிவம் ‘சாடன்’. வெந்தது என்று இருந்த பொருள் இன்று ‘நனைந்து ஊறிப்போனது’ என்று மாறிவிட்டது.

அளவில் ‘சீத்’ பெரியது. உள்ளே முழுக் கொதி, முகத்தில் மட்டும் அடக்கம். ‘சிம்மர்’ அதற்கு ஒரு படி கீழே. வரிசையாக நினைவில் வைக்க: சிம்மர், சீத், பாயில், கடைசியில் பாயில் ஓவர்.

இலக்கணத்தில் கவனிக்க ஒன்று. சமையலில் ‘சிம்மர்’ இரண்டு வகையிலும் வரும்: குழம்பு தானே சிம்மர் ஆகலாம், நீங்களும் குழம்பைச் சிம்மர் செய்யலாம். உருவகத்தில் தன்வினை மட்டுமே. கோபம் சிம்மர் ஆகும். ஒருவரை நீங்கள் ‘சிம்மர்’ செய்ய முடியாது. கூட வரும் முன்னிடைச்சொல் ‘வித்’: ‘சிம்மர் வித் ரேஜ்’, ‘சிம்மர் வித் ரிசென்ட்மென்ட்’. தேர்வில் ‘ஃப்ரம்’, ‘பை’ என்று தந்து குழப்பினால் விழுந்துவிடாதீர்கள்.

கேள்வி: ‘சிம்மர் டவுன்’ என்றால் அமைதியாகு என்கிறார்கள். சிம்மர் என்றால் சூடாகத்தானே இருக்கிறது? – வாசகர், ஈரோடு

பதில்: கொதிக்கும் பானையின் தீயைத் தணித்தால் அது முதலில் சிம்மருக்கு இறங்கும். அந்த இறக்கம்தான் ‘டவுன்’. சொல்லின்படி பார்த்தால் முழுக்க ஆறவேண்டும் என்று கேட்கவில்லை, பொங்காதே என்றுதான் கேட்கிறது. புழக்கத்தில் ‘அடங்கு’, ‘தணி’ என்ற அளவில் நின்றுவிட்டது. தமிழிலும் தீயைத் தணிக்கிறோம், கோபமும் தணிகிறது. அதனால் ‘தணி’ என்பதே இதற்கு மிக நெருங்கிய சொல். ‘ஆறு’ என்பது அடுத்த கட்டம். சினம் ஆறிவிட்டால் அடுப்பே அணைந்த மாதிரி.

இது சத்தம் போடும் பிள்ளைகளிடமும் சமவயது நண்பர்களிடமும் பேச்சில் சொல்வது, அமெரிக்கர்களிடம் அதிகம் கேட்கலாம். மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும் மின்னஞ்சலில் போட்டால் ‘வாயை மூடு’ என்றதுபோல் ஒலிக்கும்.

கேள்வி: என் திட்டத்தைப் ‘பேக் பர்னரில்’ வைத்திருப்பதாக அலுவலகத்தில் பதில் வந்திருக்கிறது. நிராகரித்துவிட்டார்களா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நிராகரிக்கவில்லை. மேலைநாட்டு அடுப்பில் நான்கு பர்னர்கள் உண்டு. கண்ணும் கையும் தேவைப்படும் வேலை முன்னால் இருக்கும் இரண்டில் நடக்கும். மணிக்கணக்கில் சிம்மர் ஆகவேண்டியதைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அடுப்பு எரிகிறது, ஆனால் யாரும் இப்போது கிளறப் போவதில்லை. தமிழில் ‘ஆறப் போட்டிருக்கிறார்கள்’ என்பது இதற்கு ஒத்துவரும். ‘கிடப்பில் போட்டார்கள்’ சற்றுக் கடுமை. இரண்டு மாதம் கழித்து நீங்களே நினைவூட்டுங்கள். பின்னடுப்புப் பானைக்கும் அவ்வப்போது யாராவது மூடியைத் திறந்து பார்க்கவேண்டியிருக்கும்.

கேள்வி: ‘ஸ்ட்யூ’ என்பதும் சிறு தீயில் வேகவைப்பதுதான். அதற்கும் மனநிலைப் பொருள் உண்டாமே? – ஆங்கில ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: உண்டு, அதன் பழைய பொருள் தமிழோடு அருமையாகக் கைகோக்கிறது. சமையலில் வேறுபாடு இது: ‘சிம்மர்’ என்பது நீரின் நிலை, ‘ஸ்ட்யூ’ என்பது ஒரு முழுச் செய்முறை. துண்டு போட்ட கறியோ காயோ, அது மூழ்கும் அளவு மட்டும் நீர், மூடிய பாத்திரம், சிம்மர் சூடு, நீண்ட நேரம், கடைசியில் அந்த நீரும் உணவோடு பரிமாறப்படும். ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் நீர் போதும். இங்கே மூடி வேண்டும் என்பதால் தீயை இன்னும் குறைக்க வேண்டும், அல்லது பாத்திரத்தோடு ஓவனில் 150 டிகிரியில் வைக்கலாம். தேங்காய்ப்பால் ஊற்றும் நம் பக்க ஸ்ட்யூவில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் அணைத்துவிடுங்கள். கொதித்தால் பாலில் எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் புரதம் உறைந்து, எண்ணெய் தனியாகப் பிரியும்.

இனி மனநிலை. ‘ஸ்ட்யூ’ ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு வெந்நீரில், நீராவியில் குளிப்பது என்று பொருள். பழைய பிரெஞ்சில் ‘எஸ்துவ்’ என்றால் வெந்நீர்க் குளியலறை. கறியை வேகவைக்கும் பொருள் பின்னால் வந்தது. மூடிய அறை, ஈரச் சூடு, மூச்சு முட்டல். தமிழில் இதைப் ‘புழுக்கம்’ என்கிறோம். ‘லெட் ஹிம் ஸ்ட்யூ’ என்றால் ‘கொஞ்ச நேரம் புழுங்கட்டும் விடு’. ஒருவர் ‘இன் எ ஸ்ட்யூ’ என்றால் கவலையில் மனம் புழுங்குகிறார். தன் வினையால் தானே அவதிப்படுவதைத் ‘தன் சாற்றிலேயே ஸ்ட்யூ ஆவது’ என்பார்கள். சிம்மர் ஆகும் மனதில் கோபம் முதன்மை. அது வெளியே வரப் பார்க்கும். ஸ்ட்யூ ஆகும் மனதில் கவலையும் மனக்குறையும் முதன்மை. அது உள்ளேயே சுற்றும். மாணவர்களுக்கு ‘குமுறல்’, ‘புழுக்கம்’ என்று பிரித்துச் சொல்லிக்கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

புழுங்கலைத் தொட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். புழுங்கல் அரிசியை ஆங்கிலத்தில் ‘பார்பாயில்ட் ரைஸ்’ என்கிறோம். ‘பார்பாயில்’ என்றால் அரைவேக்காடு என்று இன்று எல்லா அகராதியும் சொல்லும். ஆனால் அதன் லத்தீன் மூலமான ‘பெர்புல்லிரே’ என்பதற்கு ‘நன்றாக, முழுக்கக் கொதிக்கவை’ என்று பொருள். ஆங்கிலேயர் காதில் அந்த முன்னொட்டு, பாதி என்று பொருள்படும் ‘பார்ட்’ என ஒலித்ததால் பொருளே தலைகீழாகிவிட்டது. நம் சொல்லில் அந்தக் குழப்பம் இல்லை: நெல்லை ஊறவைத்து, ஆவியில் புழுக்கி, உலர்த்தி, பிறகு குத்துவது புழுங்கல். புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்தும் இளகி மீண்டும் இறுகுவதால் அரிசி குத்தும்போது அதிகம் நொறுங்குவதில்லை.

கேள்வி: ‘சிம்பர்’ என்றும் ஒரு சொல் கண்ணில் பட்டது. எழுத்துப் பிழையா? – வாசகர், புதுச்சேரி

பதில்: பிழை இல்லை. இன்று ‘சிம்பர்’ என்றால் அசட்டுத்தனமாகவோ குழைந்தோ சிரிப்பது. ஆனால் ‘சிம்மர்’ என்பதன் முந்தைய வடிவமும் ‘சிம்பர்’தான். 15-ஆம் நூற்றாண்டில் அப்படி வழங்கி, 17-ஆம் நூற்றாண்டில் ‘சிம்மர்’ ஆனது. சிரிப்பைக் குறிக்கும் ‘சிம்பர்’ வேறு வழியில் வந்த சொல் என்றே கொள்கிறார்கள்.

நீரின் ஒலியைப் போலச் செய்து பிறந்த சொல் என்பது அகராதிகள் தரும் விளக்கம். அந்த ஒலியை உங்கள் அடுப்பிலேயே கேட்கலாம். கொதி வருவதற்குச் சற்று முன் பாத்திரம் ‘உஸ்ஸ்’ என்று பாடும். அடியில் உருவாகும் ஆவிக்குமிழி மேலே உள்ள குளிர்ந்த நீருக்குள் நுழைந்ததும் நொறுங்கிப் போகிறது. ஆயிரக்கணக்கான அந்த நொறுங்கல்கள்தான் சத்தம். நீர் முழுக்கச் சூடேறிவிட்டால் குமிழி நொறுங்காமல் மேல்வரை வந்து உடையும், சத்தமும் ‘களகள’வென்று மாறிவிடும். டீக்கு நீர் வைப்பவர்கள் மூடியைத் திறக்காமலே கொதி வந்ததைக் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

கேள்வி: ஊட்டிக்குக் குடிவந்து ஆறு மாதம். இங்கே பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. கீழே சிம்மில் வெந்தது இங்கே முழுக் கொதியிலும் வேகவில்லை. ஏன்? – வாசகி, உதகமண்டலம்

பதில்: உங்கள் கொதியே அங்கே சிம்மர்தான், அதனால். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு போகாது, நீர்தான் வேகமாக வற்றும். கேஸ் வீண்.

பருப்பைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். வழக்கமான குக்கரின் வெயிட் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதல் அழுத்தம் தருவதால், சமவெளியில் 120 டிகிரியை ஒட்டிப் போகும். அங்கே சில டிகிரி குறையும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். சமவெளியில் பத்து நிமிடம் வைத்தது அங்கே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் வேண்டும். விசிலை எண்ணி நேரம் கணக்கிட வேண்டாம். பெரிய தீயில் ஐந்து விசில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், சிறு தீயில் ஒரு விசிலே வராமல் பருப்பு வெந்திருக்கும்.

சூப்புக்கு மட்டும் ஒரு திருத்தம். அங்கே 90 டிகிரியே கொதிக்கு மிக அருகில் இருப்பதால், சமவெளிக் குறிப்பில் சொன்ன சூட்டை வைத்தால் நீர் புரளத் தொடங்கிக் கலங்கிவிடும். ஓரத்துக் குமிழி மட்டும் தெரியும்படி தீயை வைத்து, மூன்று மணி நேரத்தை நான்காக்குங்கள். இடையில் நீர் குறைந்தால் பச்சைத் தண்ணீர் ஊற்றாமல், பக்கத்து அடுப்பில் சூடாக்கிய நீரை ஊற்றுங்கள்.